இரண்டு தடவையாகப் போட்ட சோறு

செயலாளர் ஐயா, நம் முதியோர் இல்லத்தில் சோற்றை ஆற வைத்தது நீங்கள்தான். அந்தப் பௌர்ணமி மத்தியானம் கூடத்தில் வரிசையாக இருந்த எவர்சில்வர் தட்டுகளை நான் மறக்கவில்லை. சாம்பார் மேல் ஏடு கட்டியிருந்தது. பெரியவர்கள் கழுவிய கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அப்போது சமையல் செய்தது கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் அக்கா. பெரியவர்களைக் கவனிப்பது என் வேலை. வாத்தியார் என்று நாங்கள் கூப்பிடும் பெரியவருக்குப் பல் இல்லை. ஒரு வாய்ச் சோற்றை மென்று முடிக்கவே வெகு நேரம் ஆகும். பாதியில் "பசியில்லை" என்று தட்டைத் தள்ளிவிடுவார். நானும் நோட்டில் அப்படியே எழுதிவைப்பேன். ஆள் இளைத்துக்கொண்டே போனார். ஒருநாள் அக்கா அவர் தட்டில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். "பசியில்லையாம். இத நீ துன்னுவியா? சில்லுனு கீது பாரு."

மறுநாளிலிருந்து வாத்தியாருக்கு இரண்டு தடவையாகச் சோறு. பாதி தட்டில். மீதி, மூடிய கிண்ணத்தில், அடுப்பிலிருந்த சுடுதண்ணீர் தேக்சாவுக்குள். தட்டு காலியானதும் அந்தக் கிண்ணம் வரும். வாசனை மூக்கில் ஏறும்படி அவர் எதிரிலேயே சோற்றில் நெய் விடுவார் அக்கா.

"என்னம்மா, ஜாஸ்தி வச்சிட்ட?"

"கம்மியாதான் சார் வச்சேன். மீதிய ஒளிச்சி வச்சிருந்தேன்."

"பரீட்சைக்குப் பிட்டு ஒளிக்கிற மாதிரியா?"

சிரித்துக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டுவிடுவார். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது.

அந்தப் பௌர்ணமியன்று சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்த குடும்பத்தின் கார் கிரிவலக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. அவர்கள் வந்து போட்டோ எடுக்கும்வரை யாரும் கை வைக்கக் கூடாது என்றீர்கள். வெகு நேரம் கழித்து வாத்தியார் மெதுவாக, "எனக்குப் பசியில்லம்மா" என்றார். அக்கா அதற்குமேல் காத்திருக்கவில்லை. யாரும் தொடாத அந்தச் சோற்றை உள்ளே எடுத்துப்போய் ஆவியில் வைத்தார். சாம்பாரைக் கொதிக்கவிட்டார். எல்லாருக்கும் பரிமாறினார். அந்தக் குடும்பம் வந்தபோது பெரியவர்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். "சாப்ட்டாங்களா? அது போதுங்க" என்றார் அந்த வீட்டம்மா.

உங்களுக்குத்தான் போதவில்லை. மறுநாளே அக்காவை வேலையை விட்டு அனுப்பினீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அது என் தப்பு.

புதிதாக வந்தவரும் நன்றாகத்தான் சமைக்கிறார். ஆனால் இன்றைக்கும் போட்டோவுக்குப் பிறகுதான் சாப்பாடு. வாத்தியாரின் சட்டை மறுபடி தொளதொளக்கிறது.

இந்த ஆண்டு விழாவில் நீங்கள் மைக்கைப் பிடித்து அன்பைப் பற்றிப் பேசுவீர்கள். அதற்கு முன்னால், சாப்பாடு கொடுப்பவர்கள், பெற்றவர்களை இங்கே விட்டுப்போன பிள்ளைகள், எல்லார் எதிரிலும் ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள். வாத்தியார் சூடாகச் சாப்பிட்டதில் உங்களுக்கு என்ன குறைந்துபோனது?