தூசு தட்டாத வானம்

பொன்னேரி ரயில் நிலையத்தில் நின்றிருந்தபோது நூருல்லாவின் மனைவி மும்தாஜ் அழைத்தார். "அவரு மௌத்தாயிட்டாரு சார். வேலைக்காவ மூச்ச அடக்கி அடக்கி வெச்ச மனுசன். கடைசில இழுக்கவே முடியல."

நான் தயாரித்த, நம் தொலைக்காட்சியின் வாராந்திரச் செய்தி நிகழ்ச்சியில் வேலை செய்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு, மற்றவர்கள் கணினிக்கு மாறியபோதும், தலைப்புக் காட்சியைக் கையால் வரைந்து பிலிம் கேமராவில் ஒவ்வொரு படமாக எடுத்தவர். ஒரு நொடிக்குப் பன்னிரண்டு தாள். பொத்தானை அழுத்தும்போது மூச்சை நிறுத்திக்கொள்வார். மூச்சுக்காற்றில் தாள் அசைந்தால் திரையில் ஊரே ஆடும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் மதிலை ஒட்டி அவர் வீடு. நமக்காக வரைந்தது எளிய காட்சிதான்: காலை ரயிலிலிருந்து ஆட்கள் இறங்கி நடக்கிறார்கள், பின்னால் வெள்ளை வானம். நான் முதலில் போனபோது, படமெடுக்கும் முன் தாளுக்கு ஒருமுறை தூரிகையால் தூசு தட்டினார். அடுத்த மாதம் மூன்று முறை. ஜன்னல் மூடியே இருந்தது.

"கம்பெனிக்காரன் மேல தூவிக்கினே கீறான், நான் கீழ தொடச்சிக்கினே கீறேன். யாருக்கு மொதல்ல கை வலிக்குதுன்னு பாக்கலாம் சார்" என்றார். சிரித்தேன். அவரும் சிரிக்கப் போய், இருமல் பிடித்துக்கொண்டது.

ஒளிபரப்புக்கு முந்தைய வாரம் படச்சுருள் வந்தது. கடைசி நான்கு நொடிகளில் வானத்தில் கரும்புள்ளிகள். படத்துக்குப் படம் கூடி, நடப்பவர்களின் முகம்வரை இறங்கின. தொலைபேசியில் கோபித்துக்கொண்டேன்.

"தொடைக்க மறந்துட்டீங்களா பாய்?"

"மறக்கல சார். அது நான் வரஞ்சது இல்ல. தானா வந்து உக்காந்துச்சு. ஒரு நாளு தொடைக்காம எடுத்துப் பாத்தேன். நீங்க நியூஸ்காரரு, இன்னான்னு பாருங்க."

"வானம் சுத்தமா வேணும். திரும்ப எடுங்க."

மூச்சு இரைக்க, "சரி சார்" என்றார்.

நாற்பத்தெட்டுத் தாளையும் தட்டி, ஒவ்வொன்றுக்கும் மூச்சை அடக்கி, மறுபடி எடுத்துக் கொடுத்தார். வாராவாரம் நம் நிகழ்ச்சி வெள்ளை வானத்துடன் தொடங்கியது. அந்தத் தூசைப் பற்றி நாம் ஒரு செய்தியும் போடவில்லை.

அவர் சாவுக்கு இன்னதுதான் காரணம் என்று மருத்துவர் எழுதவில்லை. நானும் எழுத மாட்டேன். அவர் அனுப்பியதையும் நான் வேண்டாமென்றதையும் மட்டுமே என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

புள்ளி விழுந்த அந்த நான்கு நொடிச் சுருள் என்னிடம் இருக்கிறது. நேற்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ரயிலிலிருந்து முதலில் இறங்கும் ஆளுக்கு அவர் தன் முகத்தையே வரைந்திருப்பதை இப்போதுதான் கவனித்தேன். கடைசிப் படத்தில் புள்ளிகளுக்குப் பின்னால் அந்த முகம் தெரியவில்லை.