மூணாம் கேபினில் மட்டும் லைன் ஏன் கட் ஆனது?

இன்று நம்ம பெரம்பலூர் பிரவுசிங் சென்டரில்...

வெள்ளிக்கிழமை. லப்பைக்குடிகாட்டிலிருந்து ரஹ்மத் அக்கா கைக்குழந்தையோடு வந்து வழக்கமான மூணாம் கேபினில் உட்கார்ந்தார். கணவருக்கு சவூதியில் வேலை, வெள்ளி மட்டும்தான் லீவு. மகளை அவர் இதுவரை பார்த்ததே வெப்கேமில்தான்.

கொஞ்ச வாரமாகவே பேச்சு பாதியில் கட் ஆகிறது. இன்றும் கட்!

மறுபடி போடட்டுமா என்று கேட்டேன்.

"விடுங்க தம்பி. பேச இஷ்டமில்லாத மனுசன எத்தன தடவ கூப்புடுறது?"

கணவரே கட் பண்ணுகிறார் என்று இந்த அக்கா முடிவே கட்டிவிட்டார்!

அப்போதுதான் கவனித்தேன். பக்கத்து நாலாம் கேபினில் ஒரு வாத்தியார் மெஷினை ஆன் செய்த நேரம்தான் இங்கே லைன் போயிருக்கிறது. (ரிசல்ட் பார்க்க வந்தாராம். கிரிக்கெட் ரிசல்ட்.)

இரண்டு மெஷினிலும் நெட்வொர்க் கார்டின் முகவரியைப் பார்த்தேன். ஒரே எண்! இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் பாவம் என்ன செய்வார்?

இத்தனைக்கும் ஒவ்வொரு கார்டுக்கும் தனி முகவரி உண்டு. தயாரிக்கும்போதே அதிலுள்ள குட்டி சிப்பில் எழுதிவிடுவார்கள். மெஷின் ஆன் ஆனதும் கார்டை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் அதைப் படித்து விண்டோஸிடம் சொல்லும்.

வாத்தியாரைக் கொஞ்சம் எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, நாலாம் மெஷினைத் திறந்து கார்டைக் கழற்றினேன். மேலே ஒட்டிய ஸ்டிக்கரில் வேறு எண் இருந்தது.

பிறகுதான் உறைத்தது. போன மழையில் இடி இறங்கி மூணாம் மெஷினின் கார்டு போயிருந்தது. நெட் கொடுக்கிறவர்கள் பழைய கார்டின் முகவரிக்குத்தான் லைன் விடுவார்கள் என்பதால், புதுக் கார்டின் டிரைவர் செட்டிங்கில் அந்தப் பழைய எண்ணையே கையால் அடித்து வைத்தேன். அப்புறம் நாலாம் மெஷினின் ஹார்ட் டிஸ்க் படுத்தது. யார் முதலிலிருந்து எல்லாம் ஏற்றுவது என்று மூணாவதை அப்படியே காப்பி எடுத்துப் போட்டேன். எண்ணும் கூடவே வந்துவிட்டது.

செட்டிங்கில் ஒரு எண் இருந்தால் போதும், டிரைவர் அதையே நம்பிவிடும். கார்டு சொல்வதைக் காதில் வாங்காது.

கார்டை மாட்டி, அந்த எண்ணை அழித்து, ரீஸ்டார்ட் செய்தேன். நாலாவது தன் சொந்த முகவரியைச் சொன்னது.

அக்காவிடம் தப்பு என் மேல்தான் என்று சொன்னேன். நாலு திட்டு விழும் என்று நின்றேன்.

"அப்ப அவரு கட் பண்ணலையா தம்பி?"

"இல்லக்கா."

குழந்தையை மடியில் திருப்பி உட்கார வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். திரையில் அந்த அண்ணன் முகம் வந்தது. ஸ்பீக்கரில் முதல் கேள்வியே அங்கிருந்துதான்.

"ஏம் புள்ள, எம்மேல என்னா கோவம்? பேசப் பேசக் கட் பண்ணிப்புடுற?"

நான் மெதுவாக டீக்கடைப் பக்கம் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோதும் வாத்தியார் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பேசிக்கொண்டிருந்தார்.