எடுக்காத இரண்டு அழைப்புகள்

ஜூலைக் குளிரில் நான் நியூசிலாந்தின் ஒனிஹங்காவில் ஹீட்டர் முன்னால் ஒடுங்கியபடி இருக்க, பக்கத்து வீட்டுச் சுகந்தி கணவரோடு ஃபிஜி தீவுக்குப் போய்க் கடற்கரைப் படங்களாக அனுப்பினாள். எனக்கு வயிறு எரிந்தது. மூன்றாம் நாள் காலை அவள் அழைத்தபோது, பெருமையடிக்கத்தான் என்று நினைத்து இரண்டு முறை போனை எடுக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து, மூன்றாவது முறை எரிச்சலோடு எடுத்தேன்.

“அக்கா, வீட்டில தனிய நிக்கிற அப்பா போன் எடுக்கிறார் இல்லை. ஒருக்காப் போய்ப் பாருங்கோ!” என்று அழுதாள்.

அவள் தந்திருந்த சாவியோடு ஓடினேன். பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் ஈரத்தரையில் நடுங்கிக்கொண்டு கிடந்தார். போர்வையால் போர்த்திவிட்டு ஆம்புலன்ஸை அழைத்தேன். இடுப்பெலும்பு முறிவோடு பிழைத்துக்கொண்டார்.

சுகந்தி திரும்பி வந்து நன்றி சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. பொறாமை இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் இப்போது யார் அழைத்தாலும் உடனே எடுத்துவிடுகிறேன்.