சுண்ணாம்புக்காரனின் முகத்தைக் கழற்றியபோது

1. மூக்குக்குக் காவல்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கொடுத்த பொறுப்பு, ஒருவருடைய மூக்குத் துவாரங்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது.

மாங்காட்டில் ஒரு பழைய குடோன். திகில் படங்களுக்கு வேண்டிய பேய் முகம், அழுகிய கை, வெட்டுக்காயம் எல்லாம் அங்கேதான் தயாராகும். நடத்துபவர் ஸ்டெல்லா மேடம். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். நான் குத்தம்பாக்கம். அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். பி.எஸ்ஸி. வேதியியல் முடித்துவிட்டு, பேய் செய்கிற இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது அம்மா, "இதுக்கா அவ்ளோ படிச்ச?" என்று கேட்டுவிட்டு முருங்கைக்கீரையை ஆய ஆரம்பித்துவிட்டாள்.

அன்று துரை அண்ணனுக்கு முக அச்சு எடுத்தார்கள். துரை அண்ணன் அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் ஆபரேட்டர். ஆறடி நாலங்குல உயரம், முழங்காலைத் தொடுகிற மாதிரி கை. அந்தக் கைக்காகவே படத்துக்குக் கூப்பிடுவார்கள். பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து பேயாக நடித்துவிட்டுப் போவார். அதுவரை ஏழு படங்களில் பேயாக வந்திருந்தார். ஒன்றில்கூட அவர் முகம் தெரியாது.

பல் டாக்டர்கள் அச்செடுக்கிற அல்ஜினேட் பவுடரைத் தண்ணீரில் குழைத்து முகம் முழுக்க அப்புவோம். அதற்கு மேல் பிளாஸ்டர் கட்டு. கண், வாய், காது எல்லாம் மூடிவிடும். மூச்சுக்கு மிச்சம் இருப்பது இரண்டே துவாரம். அதில் ஒரு துளி வழிந்தாலும் உடனே துடைக்க வேண்டும். வாயை மூடுவதற்கு முன் துரை அண்ணன் என்னைப் பார்த்தார்.

"இன்னா தம்பி, புதுசா? மூக்கை அடைச்சிட மாட்டியே?"

"மாட்டேண்ணே."

"அடைச்சின்னா நேரா உன் ஊட்டுக்குத்தான் வருவேன். அப்போ மேக்கப் தேவைப்படாது, ஒரிஜினல்."

அச்சு இறுக இருபது நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் இமை கொட்டாமல் அந்த மூக்கைப் பார்த்தேன். நடுவில் அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். யாரென்றே தெரியாத ஒரு பையனிடம் தன் மூச்சை ஒப்படைத்துவிட்டு ஒருவர் அத்தனை நிம்மதியாக உட்கார்ந்திருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

2. சுண்ணாம்புக்காரன்

படத்தின் வில்லன் பெயர் சுண்ணாம்புக்காரன். சுண்ணாம்புக்கல்லைச் சுடுகிற காளவாயில் வேலை செய்த ஒரு ஆளை முதலாளியின் ஆட்கள் உள்ளே தள்ளிவிடுகிறார்கள். வெந்து வெளுத்த முகத்தோடு அவன் திரும்பி வருகிறான். உதடு கிடையாது. தோல் வெயிலில் வெடித்த ஏரி மாதிரி இருக்கும்.

எனக்கு எதையும் படித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. ஒரு நோட்டு வாங்கி, போனில் பல நாட்டுத் திகில் படங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்தேன். கோரமாக இருந்த பேய்களில் பாதி எனக்கு மறுநாள் ஞாபகத்திலேயே இல்லை. ஞாபகத்தில் நின்ற ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு தனி அடையாளம் இருந்தது. ஒன்று நடக்கிற விதம், ஒன்று மூச்சுச் சத்தம், ஒன்று தலையைச் சாய்த்துப் பார்க்கிற பார்வை. அதெல்லாம் முகமூடியில் இல்லை, உள்ளே இருந்த ஆளிடம் இருந்தது. இதை நோட்டில் கோடு போட்டு எழுதி வைத்திருந்தேன். எழுதியதோடு சரி என்பது பிறகு தெரிந்தது.

இந்தப் படத்தில் துரை அண்ணனுக்கு ஒரு விசேஷம் இருந்தது. காளவாயில் விழுவதற்கு முந்தைய ஒரு காட்சி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த ஆள் தன் மகளுக்கு அவித்த முட்டையை உரித்துக் கொடுப்பான். மேக்கப்பே கிடையாது, சொந்த முகம். டைரக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "மூஞ்சி நல்லா பளிச்சுனு இருக்கணும். இந்த மூஞ்சியைப் பாத்த பிறகுதான் வெந்த மூஞ்சியைப் பாத்தா வயித்தைக் கலக்கும்."

துரை அண்ணன் பட்டறையில், தெருவில், மாமியார் வீட்டில் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். என்னிடம் மட்டும் பத்து தடவையாவது சொல்லியிருப்பார். "ஏழு படத்துல நடிச்சிகீறேன், என் பொண்ணு இஸ்கூல்ல சொன்னா ஒருத்தரும் நம்பலியாம். இந்த வாட்டி மூஞ்சி வருது தம்பி."

3. ஒரே துண்டாக

முகமூடி என்று வெளியில் சொல்கிறோமே தவிர, அது மாட்டிக் கழற்றுகிற பொருள் அல்ல. சிலிக்கானில் வார்த்த மெல்லிய தோல். பசை போட்டு முகத்தில் ஒட்டி, ஓரங்களை மறைத்து, வண்ணம் தீட்ட மூன்று மணி நேரம் ஆகும். எடுக்கும்போது பிரஷ்ஷில் ரிமூவரைத் தொட்டு, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பசையைக் கரைக்க வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம். கரைக்கும்போது ஓரம் கிழியும், வண்ணம் கலங்கும். எடுத்தபின் அது குப்பைக்குத்தான். அடுத்த நாளுக்குப் புதிது வார்ப்போம்.

காளவாய் செட் திருமழிசையைத் தாண்டிப் போட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் ஒட்டிய முகத்தின் வெடிப்புகளை முதல் முறையாக நானே தனியாகத் தீட்டியிருந்தேன். கேமராமேன் கிட்டே வந்து பார்த்துவிட்டு, "யார்ரா பண்ணது? சூப்பரா இருக்கு" என்றார். அன்று மதியம் மூன்று மணிக்கே வேலை முடிந்தது. மேடம் குடோனுக்குக் கிளம்பிவிட்டார். கழற்றுகிற வேலை என்னுடையது.

அந்த முகத்தைக் கிழிய விட எனக்கு மனம் வரவில்லை. முழுசாக எடுத்துப் போய் அம்மாவிடம் காட்ட வேண்டும், இதற்குத்தான் படித்தேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் யோசனை. ரிமூவரை அதிகம் தொடாமல், நெற்றியில் விரலை விட்டு ஒரே துண்டாக உரிக்க ஆரம்பித்தேன்.

"தம்பி, எரியுதுபா."

"ஒரு நிமிஷம்ணே."

"டேய், நெஜமாவே எரியுதுடா."

"அவ்ளோதாண்ணே, வந்துடுச்சு."

வந்துவிட்டது. ஓரம்கூடக் கிழியாமல் சுண்ணாம்புக்காரன் என் கையில் தொங்கினான். துரை அண்ணனின் இடது கன்னத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து செக்கச்செவேலென்று இருந்தது. இடது புருவத்தில் பாதி இல்லை. புருவத்துக்கு மேல் வாசலீன் தடவி முடியைப் படிய வைத்துவிட்டுத்தான் பசை போட வேண்டும். காலையில் வண்ணம் தீட்டுகிற அவசரத்தில் அதையும் நான் சரியாகச் செய்திருக்கவில்லை.

அவர் கண்ணாடியில் பார்த்தார். கன்னத்தைத் தொடப் போய், கையை இறக்கிக்கொண்டு, "நாளான்னிக்கு முட்டை சீனு" என்றார்.

4. யார் செய்தது

மறுநாள் காலை செட்டில் டைரக்டர், படத்தின் தயாரிப்பு மேனேஜர், மேடம் மூவரும் அவர் முகத்தைச் சுற்றி நின்றார்கள். கன்னம் வீங்கிப்போயிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் துரை அண்ணன் முந்திக்கொண்டார்.

"நான்தான் சார் சொறிஞ்சிட்டேன். வேர்த்து அரிச்சிக்கினே இருந்துது."

மேனேஜருக்கு அது போதுமாக இருந்தது. "மாஸ்க் மேல கை வெக்கக்கூடாதுன்னு படிச்சிப் படிச்சி சொன்னேனா இல்லியா? சார், சனிக்கிழமை செட்டைப் பிரிக்கிறாங்க. முட்டை சீனுக்கு வேற ஆளைப் போட்டுக்கலாம். மூஞ்சிதானே, யாரா இருந்தா இன்னா? சீரியல் பையன் ஒருத்தன் ரெடியா கீறான். பேய்க்கு இவரே இருக்கட்டும்."

டைரக்டர் தலையாட்டத் தொடங்கினார். துரை அண்ணன் என்னைப் பார்த்து லேசாகக் கண்ணைக் காட்டினார், சும்மா இரு என்பது போல. என் வேலை போய்விடக் கூடாது என்று அவர் முடிவு செய்துவிட்டார் என்பது புரிந்தது. முதல் நாள் என்னிடம் மூச்சை ஒப்படைத்தவர், இப்போது முகத்தையும் விட்டுக்கொடுக்கப் பார்த்தார்.

"அவரு சொறியலை சார். நான்தான் பிச்சேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

மேடம் திரும்பினார். "ரிமூவர் இல்லையா?"

"இருந்துச்சு மேடம்."

"அப்புறம் எதுக்குடா?"

"மாஸ்க் முழுசா வேணும்னு."

மேனேஜர், "இன்னாபா இது, படிச்சவன் பண்ற வேலையா?" என்றார். மேடம் என்னைத் தாண்டிப் போய் டைரக்டரிடம் பேசினார்.

"தப்பு என் டிபார்ட்மென்ட்டோடது சார். அவரோடது இல்ல. அதுக்காக அவர் சீன் போகக் கூடாது. அவருக்கு ஆறுற வரைக்கும் கை, முதுகு, நிழல் எல்லாம் எடுத்துடுங்க. முட்டை சீனுக்குக் காளவாய் தேவையில்ல, ஒரு மரத்தடி போதும். கடைசியில வெச்சுக்கலாம். முடியாதுன்னா டைட்டில்ல இருந்து என் பேரை எடுத்துடுங்க."

டைரக்டர் காளவாயை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். பிறகு, "மரம் நல்ல மரமா இருக்கணும்" என்றார்.

டாக்டர் பத்து நாள் சொன்னார், பன்னிரண்டு நாள் ஆனது. அந்த நாட்களில் முகத்தின் பக்கமே நான் போகக் கூடாது என்று மேடம் உத்தரவு. துரை அண்ணனின் கைகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு கலந்துகொடுத்தேன். குத்தம்பாக்கத்தில் ஒரு புளியமரத்தை நான்தான் தேடிப் பிடித்தேன். பாதிப் புருவத்தை மேடம் ஒவ்வொரு முடியாக ஒட்டினார். துரை அண்ணன் பதினோரு முட்டை உரித்தபின் டைரக்டர் ஓகே சொன்னார்.

5. உட்புறம்

படம் வெளியானபோது அம்பத்தூரில் ஒரு தியேட்டரில் காலைக் காட்சி பார்த்தோம். துரை அண்ணன், அண்ணி, அவர்கள் மகள், நான். புளியமரக் காட்சி ஒரு நிமிடம்கூட இல்லை. அவர் முட்டையை உரித்து, ஒட்டியிருந்த ஓட்டுத் துணுக்கை ஊதிவிட்டு, மகளாக நடித்த சிறுமியிடம் நீட்டினார். பின்வரிசையில் ஒருவன், "யார்ரா இந்தாளு? ஷோக்கா பண்றான்ல" என்றான். அண்ணனின் மகள் உடனே திரும்பி, "எங்கப்பா" என்றாள். அவன் ஒருமுறை திரையையும் ஒருமுறை அவரையும் பார்த்துவிட்டு, "அய்யோ, ஆமா மாமே" என்று பக்கத்தில் இருந்தவனை உலுக்கினான். அண்ணன் இருட்டில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சுண்ணாம்புக்காரன் வந்து தியேட்டரே அலறியபோதும் விடவில்லை.

இப்போது செட்டில் கழற்றுகிற வேலை முழுக்க என் பொறுப்பு. ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து யாருக்கும் கழற்றுவதில்லை. எரிகிறது என்ற சொல் காதில் விழுந்தால் கையை எடுத்துவிடுவேன். முகமூடி கந்தலாகத்தான் வரும், வரட்டும்.

அந்த ஒரே ஒரு முழு முகத்தை மேடம் தூக்கிப் போட விடவில்லை. குடோனில் என் மேஜைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. நான் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, வெடிப்பெல்லாம் எவ்வளவு தத்ரூபம் என்று போட்டோ எடுப்பார்கள். எடுத்து முடிக்கட்டும் என்று காத்திருப்பேன். பிறகு அதை இறக்கி, உட்புறத்தைத் திருப்பிக் காட்டுவேன். பசையில் பாதிப் புருவம் இன்னும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.