சையிது வீட்டுப் பால்

தகிய்யாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் வீட்டுக்குள் மூன்று நான்கு பேர்தான். ஊருக்கு அவள் ஷரீபா, சையிது வீட்டுச் சீமாட்டி. தண்ணீருக்குப் போகும் பெண்கள் அவளைக் கண்டால் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவள் கையை முத்தமிட்டார்கள். ஐந்து வயதில் அந்தக் கையில் மூக்குச்சளி ஒட்டியிருந்தபோதும் முத்தமிட்டார்கள். நபிகள் நாயகத்தின் குடும்ப ரத்தம் ஓடுகிற கையாயிற்றே. அந்த ரத்தத்தைச் சொல்லித்தான் ஏமன் மலைகளை இமாம்கள் ஆயிரம் வருஷமாக ஆண்டார்கள். அதைச் சொல்லித்தான் அவளுடைய வாப்பா சையிது முத்தஹ்ஹர், இமாமின் ஆளாகப் பைத் சுஹைல் என்ற ஊரில் உட்கார்ந்து வரி வாங்கினார், வழக்குத் தீர்த்தார், பிடிக்காதவன் காலில் இரும்பு விலங்கு மாட்டினார். விலங்கடித்த கொல்லனுக்குக் கூலியை மாட்டிக்கொண்டவனே கொடுக்க வேண்டும். அவ்வளவு வசதி அந்த ரத்தத்துக்கு.

உம்மா மவுத்தான பிறகு, தகிய்யாவுக்குப் பதினெட்டு வயதானபோது, வாப்பாவுக்கு மறுகல்யாண ஆசை வந்தது. சரிவில் நிலமும் தோளில் துப்பாக்கியும் வைத்திருந்த கபீலாக்காரர்களில், மலைக்குடிக்காரர்களில், ஒருவன் முக்பில். அவனுடைய தங்கை சஆதாவைக் கேட்டார். ஆட்சி செய்கிறவர் கேட்டால் அதற்குப் பெயர் கேட்பதா? சஆதாவைக் கோவேறு கழுதையில் ஏற்றி, முக்பிலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். மேல்மாடி ஜன்னல் சல்லடை வழியாகத் தகிய்யா பார்த்தாள். அவன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். சல்லடைக்குப் பின்னால் இருந்தவள் அவனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் தன்னைத்தான் பார்த்தான் என்று வைத்துக்கொண்டாள் இவள்.

கல்யாண விருந்தின் மணம் போகும் முன்பே முக்பில் மறுபடி வந்தான். மதியச் சாப்பாடு முடிந்து, ஆண்கள் சாய்ந்து உட்கார்ந்து காத் இலை மென்றுகொண்டிருந்த நேரம். அவனுடைய ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் கொடுத்த வீட்டிலிருந்து பெண் எடுப்பார்கள். அது சையிது வீட்டுக்கும் செல்லும் என்று நினைத்தான் பாவி.

"சையிதே, என் தங்கச்சியக் கொடுத்தேன். பதிலுக்கு உங்க மகள எனக்குக் கொடுங்க."

கூடமே சிரித்தது. "இலை தலைக்கேறிடுச்சாடா?" என்றார் ஒருவர்.

வாப்பா சிரிக்கவில்லை. "நான் உங்க வீட்டுப் பொண்ணக் கட்டினா பொறக்குறது நபி வம்சம். நீ எங்க வீட்டுப் பொண்ணக் கட்டினா? நபி வம்சத்தக் கொண்டுபோயி உன் மாட்டுக்கொட்டாயில கட்டச் சொல்றியா?"

சாயங்காலமே முக்பில் காலில் விலங்கு ஏறியது. அன்று வாப்பா உள்ளே வந்தபோது தகிய்யா கேட்டாள்: "நம்ம வம்சமே ஒரு பொண்ணு வயித்துலேர்ந்துதானே வாப்பா வந்துச்சு? நபியோட மக பாத்திமா நாயகி ஆம்பளையா?"

அறைந்தார்.

சிறை இருந்த கோட்டை வீட்டுக்கு நேர்கீழே. கைதிகள் முற்றத்தில் நடக்கும்போது சங்கிலி ஓசை மேலே வரும். அதில் எது முக்பிலின் ஓசை என்று தனக்குத் தெரியும் என்று தகிய்யா நம்பினாள். எனக்காக ஒருவன் இரும்பு சுமக்கிறான். இந்த ஒரு நினைப்பை வைத்துக்கொண்டே அவள் வயது போனது. மூன்று ரமலான் நோன்பு கழித்து அவனை விட்டார்கள். இடது காலை இழுத்துக்கொண்டு போனான். அதையும் அவள் தன் கணக்கில்தான் எழுதிக்கொண்டாள்.

அவளைக் கேட்டு வந்த சையிதுகள் யாரும் வாப்பாவுக்குச் சரிப்படவில்லை. ஒருவர் கிளை மட்டம், ஒருவர் கை வறட்சி. கடைசியாக ஒத்துக்கொண்ட கிழவர் நிக்காஹுக்கு முன்பே போய்ச் சேர்ந்தார். அண்ணன் ஹமூதுக்கு இந்தச் சிக்கலெல்லாம் கிடையாது. ஆண் எங்கே வேண்டுமானாலும் கட்டலாம். கட்டினான். மனைவி ஒரு பெண் குழந்தையைப் பெற்றுப் போட்டுவிட்டுப் பிரசவத்திலேயே மவுத்தானாள்.

குழந்தை ஹூரிய்யா பாலுக்கு அழுதது. அடுத்த அறையில் சஆதா தன் மகனுக்குப் பாலூட்டிக்கொண்டிருந்தாள். அந்த மகன் சின்ன சையிது. பெற்றவள் மட்டும் அந்த வீட்டில் கடைசிவரை கபீலாக்காரிதான், அடுப்பும் சாணமும் அவள் பாடு.

"சஆதாகிட்ட கொடுக்கலாம் வாப்பா" என்றாள் தகிய்யா.

"கபீலா பால் நம்ம பிள்ளை தொண்டையில எறங்கப்படாது. சையிது வீட்டுலேர்ந்து பால்காரி வர ஆள் அனுப்பியிருக்கேன். அதுவரைக்கும் ஆட்டுப்பால் போதும்."

"அவ பெத்த மகன் அவ பாலத்தானே குடிக்கிறான்?"

"அவன் அவளுக்குப் பொறந்தவன், வேற வழியில்ல. இவளுக்கு அந்தத் தலையெழுத்து வேணாம்."

பால்காரி வந்தபாடில்லை. ஆட்டுப்பாலைக் குழந்தை கக்கியது, கன்னம் ஒட்டிவிட்டது. தகிய்யா குழந்தையைத் துணியில் சுற்றி சஆதாவின் அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள். குழந்தை தேறியது. ஆட்டுப்பாலின் பரக்கத் என்று வாப்பா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார்.

வருஷங்கள் போயின. ஒரு நாள் தலைநகர் சனாவிலிருந்து ரேடியோ சொன்னது: இமாம் இல்லை, இனி குடியரசு, யாரும் யாருக்கும் மேலல்ல. சொல்லிவிட்டு சையிதுகளைப் பிடித்து உள்ளே போட ஆரம்பித்தார்கள். ஹமூத் சஆதாவின் மகனான தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு இமாமின் ஆட்கள் பக்கம் ஓடினான், மகளை மறந்துவிட்டான். முக்பில் குடியரசின் பக்கம். அவன் பின்னால் முந்நூறு துப்பாக்கி. அவன் ஒரு வார்த்தை சொன்னால் முத்தஹ்ஹரை யாரும் தொட மாட்டார்கள்.

வாப்பா ஆள் அனுப்பினார். முக்பில் காலை இழுத்துக்கொண்டு தன் ஆட்களோடு படியேறி வந்து, வாப்பாவின் மெத்தையிலேயே உட்கார்ந்தான். யாருக்கும் எழுந்து நிற்காத மனிதர் எழுந்து நின்றார். தம் கையாலேயே காப்பித் தொலிக் கசாயம் ஊற்றிக் கொடுத்தார்.

"அன்னிக்கி நீ கேட்டியே, முக்பில். என் மக தகிய்யா. இப்ப தரேன். நாளைக்கே நிக்காஹ்."

கதவுக்குப் பின்னால் தகிய்யா நின்றிருந்தாள். முப்பத்தெட்டு வயது. வாப்பா விற்கிறார் என்பது அவளுக்குப் புரியாமலில்லை. புரிந்தும் கை தானாகப் போய்த் தலைமுடியைச் சரிசெய்தது. அவளை யார் குற்றம் சொல்வது?

முக்பில் கசாயத்தை உறிஞ்சிவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அன்னிக்கி நான் கேட்டது பதினெட்டு வயசுப் பொண்ண. நீங்க புடிச்சு வச்சதும் பதினெட்டு வயசுப் பொண்ண. இப்பக் கெழவியத் தந்தா அது எந்த ஊரு நியாயம்? உங்க பேத்திக்குப் பதினெட்டு வயசாமே. அவளக் கொடுங்க, கணக்கு நேராப் போயிடும்."

அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. வரப்புத் தகராறு பேசுகிற முகம். அந்த முகத்துக்காகவா இருபது வருஷம் அந்தச் சங்கிலி ஓசையை நெஞ்சில் வைத்திருந்தோம் என்று நினைத்தாள் தகிய்யா. சுமந்த இரும்புக்குக் கூலி கேட்க வந்திருக்கிறான், அவ்வளவுதான். வாப்பா இதற்காவது முடியாது என்பார் என்று காத்திருந்தாள்.

வாப்பா தாடியைத் தடவினார். "சரி" என்றார்.

அவளுக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஹூரிய்யாவிடமிருந்து ஒரு சின்ன சத்தம் வந்தது. தகிய்யா முகத்திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, அத்தனை ஆண்களுக்கு முன்னால் கதவைத் திறந்தாள்.

"நிக்காஹ் செல்லாது. ஹூரிய்யா சஆதாகிட்ட பால் குடிச்ச பிள்ள. பால் கொடுத்தவ தாய். தாயோட அண்ணன் முக்பில். மாமனுக்கு மருமக ஹராம்."

மார்க்கத்தில் பால் உறவும் ரத்த உறவு மாதிரிதான். ஒரு வாய் குடித்திருந்தாலும் அந்த ஊரில் அதை மீற எந்தத் துப்பாக்கிக்கும் துணிச்சல் கிடையாது.

"பொய்!" என்றார் வாப்பா. "ஆட்டுப்பால் குடிச்சு வளந்த பிள்ள அது!"

"சஆதாவக் கூப்பிடுங்க" என்றான் முக்பில்.

மாவு ஒட்டிய கையோடு சஆதா வந்தாள். அண்ணன் அவளை உற்றுப் பார்த்தான். "யோசிச்சு சொல்லு, தங்கச்சி. நம்ம குடிக்கு இது பெரிய காரியம்."

"என்னக் கழுதையில ஏத்தினப்ப என்னய யோசிக்கச் சொன்னியாண்ணே?" என்றாள் அவள். "ஹூரிய்யாவுக்கு நான் பால் கொடுத்தேன். அல்லாஹ் மேல ஆணை."

முக்பில் எழுந்தான். தகிய்யா நின்ற பக்கம் ஒருமுறைகூடத் திரும்பாமல் படியிறங்கினான். மறுநாள் சிப்பாய்கள் வந்து முத்தஹ்ஹரைக் கொண்டுபோனார்கள். அதே கோட்டை, அதே விலங்கு. கொல்லனின் கூலிக்குத் தகிய்யா தன் வெள்ளி வளையலைக் கழற்றிக் கொடுத்தாள்.

வீட்டைக் குடியரசு எடுத்துக்கொண்டது. தகிய்யாவும் சஆதாவும் ஹூரிய்யாவும் கோட்டைச் சுவரோரம் ஓர் அறையில் இருந்தார்கள். குடத்தை இறக்கி வைத்துக் கையை முத்தமிட இப்போது யாரும் இல்லை. கைதிக்குச் சோறு வீட்டிலிருந்துதான் போக வேண்டும். ரொட்டி சுடுவது சஆதா, சுமந்து போவது தகிய்யா.

வாப்பா கம்பிக்குப் பின்னால் ரொட்டியை வாங்கிக்கொள்வார். எங்கே தூங்குகிறீர்கள், எதைத் தின்கிறீர்கள், ஹூரிய்யா எப்படி இருக்கிறாள், ஒன்றும் கேட்க மாட்டார். பேத்தியை விற்கப் பார்த்தோமே என்ற கூச்சமும் அந்த முகத்தில் இல்லை. அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. போகும்போதெல்லாம் அதையே கேட்டார், குரலைத் தாழ்த்திக்கொண்டு, பக்கத்துக் கைதிக்குக் கேட்டுவிடாதபடி.

"உண்மையச் சொல்லு. பிள்ள அந்தப் பால ஒரு தடவதானே குடிச்சிச்சு? ஒரே ஒரு வாய்தானே?"

முதலில் அவள் ரொட்டித் துணியை உதறி மடித்துக்கொண்டு திரும்பிவிடுவாள். குளிர்காலம் வந்தது, அவருக்கு இருமல் கண்டது, கை ஒடுங்கி எலும்பானது. அப்போதும் கேட்டார். அன்றைக்குத்தான் அவள் கம்பிக்கு அருகே குனிந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"வயிறு நெறய, வாப்பா. தெனமும். பல்லு மொளைக்கிற வரைக்கும்."

அவர் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார். அது சஆதா சுட்டது.