தூக்குக்குண்டின் நிழல்

எங்கள் மேட்டுத்தெருவில் கட்டிய சின்னத் தொழுகை மண்டபத்துக்கு டைல் பதிக்கும் வேலை எனக்குக் கிடைத்த வாரத்தில்தான் மகளின் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறும் வந்தது. கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் ஏ எடுத்திருந்தாள். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வேண்டும் என்றாள். ஊர்ப் பெண்கள் பாடசாலையில் கலைப்பிரிவு மட்டும்தான். விஞ்ஞானம் என்றால் அக்குறணைச் சந்தியில் பஸ் ஏறிக் கண்டிக்குப் போக வேண்டும். கண்டிப் பாடசாலையில் ஒரு படிவம் கொடுத்து, ஜூன் பிறப்பதற்குள் தகப்பனின் கையெழுத்தோடு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அது எங்கள் அலுமாரியில், அவளுடைய மடித்த சீருடைக்கு மேல் கிடந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு நாக்கு எழும்பாது. பெரியவர்கள் எதைச் சொன்னாலும் தலை தானாக ஆடும். கையெழுத்துப் போட எனக்கு மனம் இருந்தது. ஆனால் அதற்கு முன்பே ஒருவரிடம் தலையாட்டி வைத்திருந்தேன்.

அவர் மண்டபத்துக்குப் பொறுப்பான ஹாஜியார். அக்குறணையில் துணிக்கடை, கண்டியில் இன்னொன்று. ஊரில் எவர் வீட்டுப் பிள்ளை எதைப் படிக்கலாம் என்பதையும் துணி வெட்டுவதுபோல் அவரே அளந்து வெட்டிக் கொடுப்பார். வேலை தொடங்கிய அன்று வந்தவர், மகளின் பெறுபேற்றை விசாரித்துவிட்டுச் சொன்னார்:

"கலைப்பிரிவுல போடுங்க தம்பி. பொம்புளப் புள்ளக்கி விஞ்ஞானம் என்னத்துக்கு? அதப் படிச்சா எல்லாத்துக்கும் ஏன் எதுக்குன்டு கேக்க வரும். பொறகு ஈமான் தங்காது."

நான் தலையாட்டினேன்.

அவருக்குச் சீனி வருத்தம். விரலில் குத்தி இரத்தம் பார்க்கும் மெஷினைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் இதைச் சொன்னார். அந்த மெஷினைச் செய்தவன் என்ன படித்தான் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. நெஞ்சு அடைத்தபோது கொழும்புக்கு ஓடிப்போய் இதயத்தில் குழாய் வைத்துக்கொண்டு வந்தார். அதனால் அவருடைய ஈமானுக்கு, இறைநம்பிக்கைக்கு, ஒரு கீறலும் விழவில்லை. என் மகள் ஒரு பாடப்புத்தகத்தைத் திறந்தால் மட்டும் அது முட்டைக்கோதுபோல் நொறுங்கிவிடுமாம்.

பிறகு கிப்லா குறிக்கும் சடங்கு நடந்தது. தொழுகைக்கு நிற்கும் வரிசைகள் மக்காவை நோக்க வேண்டும். ஸப்பு வரிசைக்கு டைலின் பொருத்துக்கோடுதான் அடையாளம் என்பதால் முதல் கோடு பிழைத்தால் எல்லாமே பிழைக்கும். நான் நீலப்பொடிக் கயிற்றோடு குந்தியிருந்தேன். ஹாஜியார் தூணோரம் நின்று, பிஸ்மில்லாஹ் சொல்லி, காந்தப் பூட்டுப் போட்ட தோல் உறைக்குள் இருந்த போனைத் திறந்தார். திரையில் ஓர் அம்பு ஆடி நின்றது. அம்பு காட்டிய பக்கம் கையை நீட்டினார். கயிற்றைச் சுண்டிக் கோடு போட்டேன். அவர் வாசலுக்கு நடந்தபோது திரையை எட்டிப் பார்த்தேன். அம்பு வேறு பக்கம் திரும்பியிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், வாய் திறக்கவில்லை. இரண்டில் எது கேவலம் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் மகளிடம் மட்டும் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "கிட்ட கம்பி ஈந்ததா வாப்பா?"

தூணுக்குள் முழுக்கக் கம்பிதான். உச்சியில் அடுத்த தட்டுக்காக விட்ட முனைகளும் நீட்டிக்கொண்டிருந்தன. போனுக்குள் இருப்பதும் காந்த ஊசி மாதிரி ஒன்றுதான், இரும்புக்குப் பக்கத்தில் அது தடுமாறும் என்றாள். உறையின் பூட்டே போதுமாம். பிறகு, நான் கேள்விப்படாத ஒன்றைச் சொன்னாள். வருடத்தில் இரண்டு முறை, மக்காவில் நடுப்பகலில் சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே வருகிறது. அதே நிமிஷம் நம் ஊரில் ஒரு கயிற்றைத் தொங்கவிட்டால், அதன் நிழலுக்கு நேர் எதிர்ப்பக்கம் கிப்லா. மே கடைசியில் அந்த நாள் வருகிறது. ஒரு நாள் முன்பின் ஆனாலும் பெரிய பிசகில்லை. நமக்கு அது பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன். நேரத்தை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தந்தாள். தன் படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் தலையாட்டிய செய்தி அவளுக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது.

ஹாஜியார் கடைச் சரக்குக்காகக் கொழும்பு போயிருந்தார். அவர் வரும்வரை சுவரோர வேலை பார்ப்பதுபோல் போக்குக் காட்டி, டைலைத் தொடாமல் வைத்திருந்தேன்.

சொன்ன நாளில் மழை இருட்டு. கதவு போடாத மேற்கு வாசலின் நிலையில், சுவரின் நேர் பார்க்கக் கயிற்றில் தொங்கவிடும் தூக்குக்குண்டைக் கட்டிக் காத்திருந்தேன். நிழலே விழவில்லை. மறுநாளும் மேகம்தான். கடதாசியில் இருந்த நேரம் நெருங்கும்போது மலைப்பக்கம் ஒரு கிழிசல் விட்டது. தரையில் கறுப்பு நூல்போல் கயிற்றின் நிழல் நீண்டது. அதன்மேல் இரண்டு புள்ளி வைத்தேன். மேகம் மூடிக்கொண்டது. புள்ளிகளைச் சேர்த்துச் சிவப்புக் கோடு போட்டேன்.

ஹாஜியாரின் நீலக்கோடு ஒரு டைல் நீளத்துக்கு நாலு விரற்கடை வடக்கே சரிந்திருந்தது. முன்சுவரை எட்டுவதற்குள் ஒரு கதவின் அகலம் விலகிவிடும்.

அடுத்த நாள் அவர் பள்ளிவாசல் மவ்லவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். தரையில் இரண்டு கோடுகளைக் கண்டதும் முகம் மாறியது. யார் போட்டது என்று கேட்டார். இவ்வளவுதான் சொன்னேன்:

"உறையக் கழட்டிட்டு, போனத் தூணுட்டேந்து நடுவுக்குக் கொண்டு வாங்க ஹாஜியார்."

மவ்லவிக்கு முன்னால் மறுக்க முடியாமல் கழற்றினார், நடந்தார். அம்பு மெல்லத் திரும்பிச் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அவர் போனை இரண்டு தரம் தட்டினார். அது அசையவில்லை.

தூக்குக்குண்டையும் நிழலையும் பற்றி மவ்லவி விசாரித்தார். சொன்னேன். சூரியனையும் நட்சத்திரத்தையும் கொண்டு திசை பார்ப்பதைக் கிதாபுகளில் ஓதியிருப்பதாகவும், ஆனால் யாரும் செய்து கண்டதில்லை என்றும் மெதுவாகச் சொன்னார். ஹாஜியாருக்கு அது போதுமாக இருந்தது.

"அதத்தான் நானும் செல்ற. இதெல்லாம் நம்மட ஆக்கள் எப்பவோ கண்டுபுடிச்ச. வெள்ளக்காரன் எங்கள்ட்ட களவெடுத்த."

ஒரு நிமிஷத்துக்கு முன்வரை ஈமானைக் கெடுத்த விஞ்ஞானம், தன் பிழை வெளியானதும் நம் சொத்தாகிவிட்டது. நம் ஆட்கள் கண்டுபிடித்ததென்றால் நம் பிள்ளைகள் ஏன் படிக்கக்கூடாது என்று மட்டும் அவர் கேட்கப் போவதில்லை. செத்தவர்களின் அறிவு அவருக்குப் பெருமை. உயிரோடு இருக்கிற பெண்பிள்ளையின் அறிவு ஆபத்து. சூரியனையும் நிழலையும் படைத்தவனை நம்புகிற ஒருவன் நிழலை அளந்து பார்க்க ஏன் பயப்பட வேண்டும்? அவர் நம்பியது போனை.

"ஒங்களுக்கு இத யாரு செல்லித் தந்த?" என்றார்.

"மகள்."

"எந்த மகள்?"

"ஒரு மகள்தான் ஹாஜியார். கண்டிக்கு விஞ்ஞானம் படிக்கப் போற மகள்."

"கலைப்பிரிவுக்குன்டு நீங்க தலையாட்டின தானே?"

"தலைதான் ஆட்டின. கையெழுத்து இன்னும் போடல்ல."

இப்படி ஒரு பதில் என் வாயிலிருந்து வந்ததை நானே நம்பவில்லை. மவ்லவி குனிந்து சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்தாரா என்று தெரியவில்லை. ஹாஜியார் போனை மறுபடி உறைக்குள் போட்டு, டைல் பதிக்க ஏன் இவ்வளவு தாமதம் என்று என்னை ஏசிவிட்டுப் போனார்.

அன்று பிற்பகல் சீமெந்துக் கையைக் கழுவிவிட்டு அலுமாரியைத் திறந்தேன். படிவத்தில் தகப்பனின் கல்வித் தகைமை என்றொரு கட்டம் இருந்தது. ஐந்தாம் வகுப்பு என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். மகள் என் பெயரின் மை காய ஊதினாள். மறுநாள் முதல் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மண்டபத் திறப்பு விழாவில் ஹாஜியார் அரைமணி நேரம் பேசினார். கிப்லாவை நிழலால் கண்ட முன்னோரின் மகிமை, அதை இக்காலத்தில் தாம் தேடி எடுத்துச் செயற்படுத்திய விதம். நான் கடைசி ஸப்பில் நின்றேன். அவர் முன்வரிசையில், தூணோரம், என் சிவப்புக் கோட்டின்படி பதித்த டைலுக்குச் சரியாகத் திரும்பி நின்றார். இன்றும் ஐவேளையும் அப்படித்தான் நிற்கிறார். மகளின் படிப்பைப் பற்றி மட்டும் விசாரிப்பதை விட்டுவிட்டார்.