திரைக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள்

கடையில் அவரை எல்லோரும் மீட்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆடியோ கடையின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், ரிப்பேருக்கு வரும் ஆம்ப்ளிஃபயர்களைத் திறந்து சரிசெய்து, அளந்து பார்த்து, மூடி அனுப்புவது அவர் வேலை. அளக்கும்போது ஸ்பீக்கரை மாட்ட மாட்டார். அதன் இடத்தில் தடித்த ரெசிஸ்டர்களை மாட்டி, ஒரே ஒரு சுருதியை உள்ளே அனுப்பி, வெளியே வருவது அதே சுருதிதானா, கூடவே வேறு ஏதாவது அழுக்கும் ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று பார்ப்பார். ரெசிஸ்டர் பாடாது, சூடாகும், அவ்வளவுதான். பொழுது விடிந்தால் பொழுது போனால் ஆம்ப்ளிஃபயர்களோடு குடித்தனம் நடத்திய அந்த மனிதர் ஒரு பாட்டை முழுசாக உட்கார்ந்து கேட்டது அபூர்வம்.

கடையின் முன்பக்கம் வேறு உலகம். கால் புதையும் கம்பளம், கனத்த திரைச்சீலை, ஒரு நீளமான சோபா. அங்கே ராஜாங்கம் நடத்தியவர் அவருடைய தங்கை புருஷன். வாடிக்கையாளர்கள் அவருக்கு வைத்த பெயர் காது. மீட்டருக்கு அவர் மாப்பிள்ளை. இசைத்தட்டைப் போட்டுவிட்டு, வந்தவருக்குப் பக்கத்தில் அடக்கமாக உட்கார்ந்து, "இப்ப பாருங்க, பாடறவங்க ஒரு அடி முன்னால வந்து நிப்பாங்க" என்பார். வந்தவருக்கும் பாடகி ஒரு அடி முன்னால் வந்து நிற்பாள். அவர் வியாபாரத்துக்காகச் சொன்னவர் இல்லை. அவருக்கு நிஜமாகவே அப்படித்தான் கேட்டது.

இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். மீட்டர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை வீட்டு மாடி அறையில் தங்கி, கீழே வந்து சாப்பிட்டுப் போவார். சாப்பிடும்போது கடைச் சண்டை தொடரும். ஆனால் அதில் விஷம் இருந்ததில்லை.

"மச்சான், உங்க மீட்டருக்கு என்னைக்காவது கண்ணுல தண்ணி வந்திருக்கா?" என்று மாப்பிள்ளை கேட்பார்.

"வந்தா ஷார்ட் ஆயிடும், மாப்ள" என்பார் இவர். தங்கை இருவர் தட்டிலும் இன்னொரு கரண்டி வைப்பாள்.

கேலியாக இருந்தது விவகாரமானது அந்தப் பெரிய ஆம்ப்ளிஃபயர் விற்பனைக்கு வந்த பிறகுதான். இறக்கி வைக்க இரண்டு ஆட்கள் திணறினார்கள். முகப்பில் கனமான அலுமினியத் தகடு, உள்ளே நீல வெளிச்சத்தில் ஆடும் இரண்டு முள். மாப்பிள்ளை அதன் முன்னால் உட்கார்ந்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. பாடுகிறவள் மூச்சு இழுப்பது கேட்கிறது, பியானோவில் விரல் எடுத்த பிறகு வரும் மௌனம்கூடக் கேட்கிறது என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்.

கடைக்கு வழக்கமாக வரும் பல் டாக்டர் ஒருவர் அதை வாங்குவதென்று முடிவு செய்தார். அந்தச் சமயம் பார்த்து மீட்டர் டீ குடிக்க வெளியே வந்தார். டாக்டர் பேச்சுவாக்கில், நீங்கள் அளந்து பார்த்தீர்களா என்று கேட்டார். அளந்திருந்தார். கடையில் மூலையில் கிடந்த சாதாரணக் கறுப்புப் பெட்டியோடு சேர்த்தே அளந்திருந்தார். வீட்டில் வைக்கும் சத்தத்துக்குள் இரண்டும் ஒன்றுதான், மனுஷக் காதுக்கு எட்டுகிற அழுக்கு இரண்டிலுமே இல்லை, சின்னது ஒரு மயிரிழை சுத்தம் என்றுகூடச் சொல்லலாம் என்றார். பொய் சொல்ல அவருக்கு வராது. சொல்லாமல் இருக்கவும் வராது என்பதுதான் கஷ்டம்.

டாக்டர் அதே மாதிரிச் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு போனார்.

அன்று சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு மாப்பிள்ளை சொன்னார். "துணி போட்டு மூடுங்க மச்சான். எது பெரிசு, எது சின்னதுன்னு நான் சொல்றேன்."

மீட்டருக்கு அப்போதே வேண்டாம் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இத்தனை வருஷம் வாய்ச்சண்டையாக இருந்ததற்கு ஒரு முடிவு கிடைக்கப் போகிறதே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. சுவிட்ச் பெட்டி ஒன்றைத் தானே செய்தார். ஸ்பீக்கர் முனையில் மீட்டரை வைத்து இரண்டு ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தையும் சமமாக்கினார். சத்தம் கொஞ்சூண்டு கூடினாலே காது அதை நல்ல சத்தம் என்று எடுத்துக்கொள்ளும். அப்படிச் சமமாக்கும்போதுதான் ஒன்று கவனித்தார். மாப்பிள்ளை வழக்கமாகச் சத்தக் குமிழைத் திருப்பி வைக்கும் இடத்தில் பெரிய பெட்டி சின்னதைவிட லேசாக உரக்க ஒலித்தது. அது மாப்பிள்ளைக்கே தெரியாது. மீட்டர் அதை அவரிடம் சொல்லவில்லை, சரிசெய்ததோடு விட்டார்.

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. அவர் கெட்டவர் இல்லை, வேடிக்கைப் பிரியர். பழைய வாடிக்கையாளர்களை வரவழைத்தார். சோபா நிரம்பிப் பலர் நின்றுகொண்டிருந்தார்கள். திரைக்குப் பின்னால் முதலாளியே உட்கார்ந்து, காசைச் சுண்டிப் போட்டு, விழுந்தபடி சுவிட்சைத் தள்ளினார். அதனால் எந்தப் பெட்டி ஒலிக்கிறது என்று மீட்டருக்கும் தெரியாது.

ஆரம்பத்தில் மாப்பிள்ளை சட்டென்று சொன்னார். பெரிசு. சின்னது. பெரிசு. பிறகு கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நடுவில் தண்ணீர் கேட்டுக் குடித்தார். கடைசியில் சொல்லும்போது குரல் கேள்வி கேட்பதுபோல் இருந்தது. மீட்டர் அவர் முகத்தைப் பார்க்காமல் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி வெளியே வந்து, குறித்து வைத்திருந்ததைப் படித்தார். பாதி சரி, பாதி தப்பு. அவர் சும்மா வாயில் வந்ததைச் சொல்லியிருந்தாலும் அதுதான் வந்திருக்கும். பின்வரிசையில் யாரோ, பாதி சரி என்பது பெரிய விஷயம் என்று நினைத்துக் கை தட்டினார். பல் டாக்டர் நல்ல மனிதர், தனக்கும் ஒன்றும் தெரியவில்லை என்றார். மாப்பிள்ளை சிரித்தபடியே எழுந்து வாசலில் செருப்பைத் தேடினார். செருப்பு எதிரிலேயே கிடந்தது.

அதன் பிறகு கடைக்கு வருகிறவர்கள், "நெஜமா நல்லாருக்கா, இல்ல உங்களுக்கு அப்படித் தோணுதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்க ஆரம்பித்தார்கள். முன்பு அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான். மாப்பிள்ளை இசைத்தட்டைப் போட்டுவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொள்வார். வியாபாரம் படுத்தது. முதலாளி பொறுத்துப் பார்த்துவிட்டு, சுவரில் டிவி மாட்டுகிற வேலைக்கு அவரை மாற்றினார். வீடு வீடாகப் போய்ச் சுவரில் துளை போட்டார். சட்டையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு திரும்பி வந்தார்.

அதைக்கூடத் தங்கை தாங்கிக்கொண்டாள். வீட்டில் நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. குழந்தை இல்லாத அந்த வீட்டில் சாயங்காலம் என்றால் பாட்டு. அவர் இசைத்தட்டு போடுவார், அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்பாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டது குறைவு, பேச வேண்டியிருந்ததும் இல்லை. இப்போது அவர் பாட்டைப் போடுவார், இரண்டு வரி ஓடுவதற்குள் எழுந்து நிறுத்திவிடுவார்.

"இது நல்லாருக்கா, இல்ல நல்லாருக்குன்னு நானே நெனச்சுக்கறேனா?" என்று ஒரு நாள் அவளிடம் கேட்டார். நல்லாருக்கு என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். பிறகு இசைத்தட்டு போடுவதையே விட்டுவிட்டார்.

தங்கை ஒரு நாள் கடைக்கு வந்தாள். அண்ணன் வேலை செய்யும் அறைக்கு அவள் அதற்கு முன் வந்ததில்லை. உட்காரச் சொல்லியும் வாசலிலேயே நின்றாள்.

"அண்ணே, அன்னைக்கு நீ செஞ்சதுல ஏதாவது தப்பு இருக்குமா?"

"இல்லம்மா."

"ஒரு தடவ யோசிச்சுச் சொல்லேன்."

அவர் கையில் இருந்த சால்டரிங் இரும்பைத் தாங்கியில் வைத்தார். மறுபடி பார்க்கிறேன் என்றார்.

பார்க்கவும் செய்தார். சுவிட்ச் பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு முனையாகச் சோதித்தார். வயர்களை அளந்தார். ஆம்ப்ளிஃபயர்களை மறுபடி அளந்தார். எங்காவது ஒரு துரு, ஒரு தளர்ந்த திருகு அகப்படாதா என்று தவித்தார். கையிலிருந்த மீட்டர் தன்னைப் பொய்யன் ஆக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது வாழ்க்கையில் அப்போதுதான். எல்லாம் சுத்தமாக இருந்தது. எல்லா முள்ளும் முன்பு நின்ற இடத்திலேயே நின்றது.

தப்பு கிடைக்காதபோது தப்பைச் செய்ய உட்கார்ந்தார். சுவிட்ச் பெட்டிக்குள், சின்ன ஆம்ப்ளிஃபயர் வரும் வழியில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்தார். அது நடுவில் உட்கார்ந்தால் தாழ்ந்த ஸ்தாயிச் சத்தம் தொளதொளவென்று ஆகிவிடும். தேர்ந்த காதுக்கு அது தப்பாது. சரியாகப் பற்றவைத்து மூடினார். அவர் கையால் செய்த வேலைகளிலேயே அளந்து பார்க்காமல் மூடியது அது ஒன்றுதான்.

விடுமுறை நாளில் இரண்டு பெட்டிகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்றைக்கு சுவிட்ச் முனையில் துரு ஏறியிருந்திருக்கிறது மாப்ள, அதனால் இரண்டும் ஒரே மாதிரி மங்கிப் போயிருக்கிறது, இப்போது தேய்த்துவிட்டேன், இன்னொரு தரம் கேளுங்கள் என்றார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள். மாப்பிள்ளை மாட்டேன் என்றார். தங்கை கையைப் பிடித்துக் கொண்டுவந்து உட்காரவைத்தாள். பெட்டிகளை மறைத்து இரண்டு நாற்காலிக்கு நடுவே போர்வையைக் கட்டினாள். காசைச் சுண்டி, சுவிட்சைத் தள்ளியதும் அவள்தான்.

மாப்பிள்ளை ஒரு தடவைகூடத் தப்பவில்லை. தங்கை போர்வைக்குப் பின்னாலிருந்து, "சரி" என்றாள். மறுபடி, "சரி" என்றாள். ஒவ்வொரு தடவையும் குரல் ஏறிக்கொண்டே போனது. போர்வையை விலக்கிக்கொண்டு வந்தபோது அவள் முகம் பழைய முகமாக இருந்தது.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

"என்ன போட்டீங்க மச்சான், உள்ள?"

"ஒண்ணும் போடல மாப்ள."

"அளந்து காட்டுங்க."

மீட்டர் பக்கத்திலேயே பைக்குள் இருந்தது. அவர் எடுக்கவில்லை. முகத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது, கைக்கும் தெரியவில்லை.

மாப்பிள்ளைக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் சாந்தமாகத்தான் பேசினார். "இவ்வளவு பெரிய வித்தியாசத்த நான் கடையில ஒரு நாளும் கேட்டதில்ல. அது ரொம்பச் சின்னதா, இழை மாதிரி இருக்கும். பிடிச்சா நழுவும். அதத்தான் நான் எல்லாருக்கும் சொல்லிட்டு இருந்தேன். காது நல்லாத்தான் இருக்கு மச்சான், இப்பத்தான் தெரியுது. இருக்கறது கேக்குது. அது இல்லவே இல்ல, அதான் அன்னைக்குக் கேக்கல."

தங்கை போர்வையை மடிக்கத் தொடங்கினாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

மீட்டர் மாடிக்குப் போய் உட்கார்ந்தார். தான் அளந்ததில் தப்பில்லை. மாப்பிள்ளை சொன்னதிலும் தப்பில்லை. அப்படியானால் இத்தனை வருஷம் அந்தச் சோபாவில் உட்கார்ந்தவர்களுக்கு முன்னால் வந்து நின்றவள் யார்? அந்தத் தகடும், நீல வெளிச்சமும், பக்கத்தில் அடக்கமாக ஒருவர் சொன்ன சொல்லும் சேர்ந்து உண்டாக்கிய ஒன்றை, அது ஆம்ப்ளிஃபயரில் இல்லை என்பதற்காக, எங்குமே இல்லை என்று தான் நிரூபித்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது. கீழே போய் இதைச் சொல்லலாம் என்று படிவரை வந்தார். சொன்னால் அது இன்னொரு ரெசிஸ்டர் என்றுதான் மாப்பிள்ளை நினைப்பார். திரும்பிவிட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் சட்டென்று நடந்தது. இசைத்தட்டுகளையும் ஸ்பீக்கர்களையும் கேட்டு வந்த ஒருவருக்கு மாப்பிள்ளை தூக்கிக் கொடுத்துவிட்டார். வேறு ஊரில், மீன் வைக்கும் குளிர்கிடங்கு ஒன்றில் வேலை கிடைத்துப் போய்விட்டார். வீடு பார்த்துக் கூப்பிடுகிறேன் என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் போனார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடையில் சோபா இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறைகள் தொங்குகின்றன. மீட்டர் பின்னறையில் சார்ஜர்களைச் சோதிக்கிறார். அவற்றைக் கேட்டுப் பார்க்க யாரும் வருவதில்லை.

வாரம் ஒரு தரம் மாப்பிள்ளை போன் செய்வார். தங்கை பேசும் முன் மச்சானோடு இரண்டு வார்த்தை பேசுவார். போன வாரம் பேசும்போது அவர் குரலுக்குப் பின்னால் கிடங்கின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள் ஒரு கரகரப்பு விட்டு விட்டு வருவதை மீட்டர் கேட்டார்.

"மாப்ள, உங்க மோட்டார்ல பேரிங் போகப் போகுது. சொல்லி வைங்க."

"அப்படியா?" என்றார் மாப்பிள்ளை. சற்றுக் கேட்டுப் பார்த்ததாகவே தெரிந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியலையே மச்சான். போன அவகிட்ட குடுங்க."

அவர் கொடுத்தார். தங்கை போனை வாங்கி, அங்கே குளிர் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.